உள்ளூர்த் திட்டமிடல் குழு (நியூ சவுத் வேல்ஸ்)

உள்ளூர்த் திட்டமிடல் குழு என்பது அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், சர்ச்சைக்குரிய காணி, கட்டட அபிவிருத்தி விண்ணப்பங்களை நகரசபை உறுப்பினர்களுக்குப் பதிலாக ஆராய்ந்து முடிவு செய்யும் சுயாதீனக் குழு ஆகும். சிட்னிப் பெருநகரப் பகுதியிலும் வொலொங்கொங்கிலும் உள்ள நகரசபைகளுக்கு இக்குழு 2018 மார்ச் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. சென்ட்ரல் கோஸ்ட் பகுதி 2020 இல் இம்முறையில் சேர்ந்தது. ஏனைய நகரசபைகள் விரும்பினால் தாமாகவே இத்தகைய குழுவை அமைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

எல்லா விண்ணப்பங்களும் குழுவுக்குச் செல்வதில்லை. வீட்டுக்குப் பின்புறம் ஓர் அறை கூட்டுதல், நீச்சல் குளம் வெட்டுதல், கடையின் முகப்பை மாற்றுதல் போன்ற பெரும்பான்மையான விண்ணப்பங்களை நகரசபையின் திட்டமிடல் அலுவலர்களே முடிவு செய்கின்றனர். அயலவரின் எதிர்ப்பு, விதிமீறல், நலன் முரண் போன்றவற்றுள் ஏதேனும் ஒன்று உள்ள விண்ணப்பங்களே குழுவின் முன் வருகின்றன. சிட்னித் தமிழர்கள் கணிசமாக வாழும் கம்பர்லாந்து, பரமட்டா, ஸ்ட்ராத்ஃபீல்ட் ஆகிய நகரசபைப் பகுதிகளும், ஹெலன்ஸ்பேர்க் வெங்கடேசுவரர் கோயில் அமைந்துள்ள வொலொங்கொங் நகரசபைப் பகுதியும் இம்முறைக்கு உட்பட்டவை.

வரலாறு

நியூ சவுத் வேல்ஸில் காணிப் பயன்பாட்டை நெறிப்படுத்தும் அடிப்படைச் சட்டம் 1979 ஆம் ஆண்டின் சூழல் திட்டமிடல் மற்றும் மதிப்பீட்டுச் சட்டம் ஆகும். இதனுடன் இணைந்து உருவாக்கப்பட்ட காணி மற்றும் சூழல் நீதிமன்றம் 1980 இல் இயங்கத் தொடங்கியது. இச்சட்டத்தின் கீழ் உள்ளூர் விண்ணப்பங்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் நகரசபையிடம் இருந்தது. அலுவலர்கள் அறிக்கை தயாரிப்பர். சிக்கலான விண்ணப்பங்களை மக்களால் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் சபைக் கூட்டத்தில் வாக்களித்து முடிவு செய்வர்.

இந்த ஏற்பாட்டில் தொடக்கத்திலிருந்தே ஓர் இடர்ப்பாடு இருந்தது. சபை உறுப்பினர் தம் வட்டார மக்களின் பிரதிநிதி. ஆனால் ஒரு விண்ணப்பத்தைத் தீர்மானிக்கும்போது அவர் ஏறத்தாழ ஒரு நடுவரின் இடத்தில் அமர்கிறார். சட்டம் கூறும் காரணங்களை மட்டுமே கருத வேண்டியவராகிறார். தேர்தலில் 'அந்த அடுக்குமாடியைத் தடுப்பேன்' என்று வாக்களித்தவர், வென்றபின் அதே அடுக்குமாடியின் விண்ணப்பத்தை விருப்பு வெறுப்பின்றி ஆராய்வது எளிதன்று. மறுபுறம், ஒரு காணியில் கூடுதலாக இரண்டு மாடி கட்ட அனுமதி கிடைத்தால் அதன் பெறுமதி பெருமளவு உயர்ந்துவிடும். அந்த உயர்வு ஒரு சிலரின் கை உயர்த்தலில் தங்கியிருக்கும்போது பணத்தின் செல்வாக்கு உட்புகுவது வியப்பன்று.

1990களின் பிற்பகுதியில் மேற்குச் சிட்னியின் லிவர்பூல் நகரசபை சுயாதீன விசாரணை மற்றும் மதிப்பீட்டுக் குழு ஒன்றைத் தானாகவே அமைத்தது. வேறு சில நகரசபைகளும் அதனைப் பின்பற்றின. இத்தொடக்ககாலக் குழுக்களிற் பல பரிந்துரை மட்டுமே வழங்கின. இறுதி வாக்கு சபையிடமே இருந்தது. எனினும் இருதரப்பையும் நேரில் கேட்டு, காரணங்களை எழுதி வெளியிடும் வழக்கம் இக்குழுக்களில் உருப்பெற்றது.

2008 இல் வொலொங்கொங் நகரசபையைப் பற்றி ஊழலுக்கெதிரான சுயாதீன ஆணைக்குழு நடத்திய விசாரணை மாநிலத்தை உலுக்கியது. கட்டட நிறுவனத்தாருக்கும் நகரசபையைச் சேர்ந்தோருக்கும் இடையிலான முறையற்ற தொடர்புகள் வெளிவந்தன. அவ்வாண்டு மார்ச்சில் சபை கலைக்கப்பட்டு நிருவாகிகள் பொறுப்பேற்றனர். மீண்டும் தேர்தல் நடந்தது 2011 இல்தான். காணி அபிவிருத்தியாளர்கள் அரசியல் நன்கொடை வழங்குவதை மாநில அரசு 2009 இல் தடை செய்தது. இத்தடை செல்லுமென்று அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2015 இல் மக்லோய் வழக்கில் தீர்ப்பளித்தது. பெரிய முதலீட்டு விண்ணப்பங்களுக்கென மாநில அரசின் மூன்று நியமனத்தாரும் நகரசபையின் இரு நியமனத்தாரும் கொண்ட கூட்டுப் பிராந்தியத் திட்டமிடல் குழுக்களும் 2009 இல் தொடங்கப்பட்டன.

2017 ஆகஸ்டில் மாநில அரசு சுயாதீனக் குழுக்களைச் சிட்னி முழுவதற்கும் வொலொங்கொங்குக்கும் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்தது. அதற்கான சட்டத் திருத்தம் அவ்வாண்டே நிறைவேறியது. 2018 மார்ச்சில் குழுக்கள் தற்போதைய பெயருடன் செயற்படத் தொடங்கின. அன்றுமுதல் இப்பகுதிகளில் விண்ணப்பங்கள் மீது சபை உறுப்பினர்கள் வாக்களிப்பது சட்டத்தாலேயே நீக்கப்பட்டது; குழுவோ அலுவலரோதான் முடிவெடுக்க இயலும். முன்னாள் கன்ரபறி நகரசபையில் நடந்தவை பற்றிய ஊழல் ஆணைக்குழுவின் பகிரங்க விசாரணை அதே ஆண்டில் தொடங்கியது. 2021 மார்ச்சில் வெளியான அதன் அறிக்கை, முன்னாள் சபை உறுப்பினர் இருவர் உள்ளிட்டோர் கடுமையான ஊழல் நடத்தையில் ஈடுபட்டதாகக் கண்டது.

குழுவின் அமைப்பு

ஒரு விண்ணப்பத்தை ஆராயும் குழுவில் நால்வர் இருப்பர். ஒருவர் தலைவர், சட்டம் அல்லது அரச நிருவாகத் துறையில் தேர்ச்சி பெற்றவர். இருவர் நகரத் திட்டமிடல், கட்டடக்கலை, மரபுரிமை, சூழலியல், பொறியியல் போன்ற துறை வல்லுநர்கள். நான்காமவர் அப்பகுதி மக்களின் பிரதிநிதி. தலைவரும் வல்லுநர்களும் திட்டமிடல் அமைச்சரால் ஏற்கப்பட்டவர்களாக இருத்தல் வேண்டும். மக்கள் பிரதிநிதியை நகரசபை தெரிவு செய்கிறது. வாக்குகள் சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு மேலதிக வாக்கு உண்டு.

சபை உறுப்பினர், காணி அபிவிருத்தியாளர், வீட்டு மனை விற்பனை முகவர் ஆகிய மூவகையினரும் குழுவில் இடம்பெற முடியாது. உறுப்பினர்கள் மாறி மாறி அமர்வதற்காகப் பெயர்ப் பட்டியல் ஒன்று பேணப்படுகிறது. அடுத்த கூட்டத்தில் தம் விண்ணப்பத்தை யார் ஆராய்வர் என்று ஒருவர் முன்கூட்டியே கணித்து நெருங்குவதை இது கடினமாக்குகிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் உறுப்பினர்கள் தமக்கு நலன் முரண் உண்டா என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். குழுவின் செலவை நகரசபையே ஏற்கிறது. ஆயினும் நடைமுறை, கால எல்லை போன்றவற்றைத் தவிர, முடிவு பற்றி நகரசபை குழுவுக்குப் பணிப்புரை வழங்க இயலாது.

குழுவின் முன் வருபவை

எவை குழுவுக்குச் செல்லும் என்பதை அமைச்சரின் ஆணை தீர்மானிக்கிறது. 2018 இல் வெளியான ஆணை நான்கு வாயில்களை வகுத்தது.

முதலாவது நலன் முரண். விண்ணப்பதாரரோ காணி உரிமையாளரோ நகரசபையாகவோ, சபை உறுப்பினராகவோ, திட்டமிடலில் தொடர்புடைய ஊழியராகவோ, நாடாளுமன்ற உறுப்பினராகவோ, அவர்களின் நெருங்கிய உறவினராகவோ இருந்தால் விண்ணப்பம் குழுவுக்குச் செல்லும். இரண்டாவது சர்ச்சை: பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தனித்துவமான ஆட்சேபணைகள் கிடைத்தல். மூன்றாவது, உயரம், தளப்பரப்பு விகிதம் போன்ற எண்ணளவிலான நியமம் ஒன்றைப் பத்து விழுக்காட்டுக்கு மேல் மீறுதல். உயர வரம்பு 8.5 மீட்டராக உள்ள தெருவில் 9.35 மீட்டருக்கு மேற்பட்ட வீடு இவ்வாறு குழுவின் முன் வரும். நான்காவது, இயல்பிலேயே கவனம் வேண்டும் வகைகள்: நான்கு மாடிக்குக் குறையாத குடியிருப்புத் தொகுதிகள், மரபுரிமைக் கட்டடத்தை இடித்தல், புதிய மதுபான விடுதிகள், பாலியல் சேவை நிலையங்கள் முதலியன.

'தனித்துவமான ஆட்சேபணை' என்ற சொற்றொடரை விளங்கிக்கொள்ளாமையால் ஏமாந்தோர் பலர். ஒரே கடிதத்தை நகலெடுத்து நூறு பேர் ஒப்பமிட்டு அனுப்பினாலும் அது ஒன்றாகவே எண்ணப்படும். பொது மனுவும் அவ்வாறே பத்தை எட்ட உதவாது. மாறாக, பத்து அயலவர் ஒரே விடயத்தைப் பற்றி எழுதினாலும், அவரவர் வீட்டுக்கு நேரும் பாதிப்பை அவரவர் சொற்களில் எழுதியிருந்தால் அவை பத்தாகக் கொள்ளப்படும். ஒரே வீட்டிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட தனித்துவமான ஆட்சேபணைகள் வருவதற்கும் தடையில்லை.

இங்கு இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பத்து என்ற எண் விண்ணப்பத்தைக் குழுவிடம் கொண்டு சேர்க்கிறது, அவ்வளவே. அதன்பின் எண்ணிக்கைக்குத் தனி நிறை இல்லை. இருநூறு ஆட்சேபணைகள் வந்த கட்டடம் அனுமதி பெறலாம். ஒரேயொரு அயலவர் எழுதிய குறை சரியானதாக இருந்தால் அதற்காக ஒரு மாடி குறைக்கப்படலாம்.

விசாரணை நடைமுறை

விண்ணப்பம் முதலில் அயலவருக்கு அறிவிக்கப்பட்டு எழுத்து மூலக் கருத்துகள் பெறப்படுகின்றன. பின்னர் நகரசபையின் அலுவலர் மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கிறார். அனுமதிக்கலாமா மறுக்கலாமா என்ற பரிந்துரையும், அனுமதிப்பதாயின் விதிக்க வேண்டிய நிபந்தனைகளும் அதில் இருக்கும். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னர் அறிக்கை நகரசபையின் இணையத்தளத்தில் வெளியாகிறது. ஆட்சேபித்தவர்கள் இதனைத் தவறாமல் வாசிப்பது நன்று. குழுவின் கேள்விகள் பெரும்பாலும் இவ்வறிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

உறுப்பினர்கள் வழக்கமாக இடத்தை நேரில் பார்வையிடுகின்றனர். அயல் வீட்டு முற்றத்தில் நின்று நிழல் எங்கு விழும், எந்தச் சாளரம் எதனை நோக்கும் என்பதைக் காண்கின்றனர். அப்போது விண்ணப்பதாரரிடமோ அயலவரிடமோ விண்ணப்பத்தின் நிறை குறைகளைப் பற்றி உரையாடுதல் கூடாது.

2020 ஆகஸ்டில் நடைமுறைகள் மாற்றப்பட்டன. அதன்பின் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட தனித்துவமான ஆட்சேபணைகள் உள்ள விண்ணப்பங்களுக்கு மட்டுமே பகிரங்கக் கூட்டம் தேவைப்பட்டது. ஏனையவற்றைக் குழு ஆவணங்களைக் கொண்டே முடிக்கலாம். முடிவுகளை விரைவுபடுத்துவதே நோக்கம் என அரசு கூறியது.

பகிரங்கக் கூட்டத்தில் பேச விரும்புவோர் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். ஒரு தெருவின் குடியிருப்பாளர்கள் பத்துப் பேர் ஒன்றன்பின் ஒன்றாக வாகனத் தரிப்பிடத்தைப் பற்றியே பேசுவது அடிக்கடி நிகழ்வது. ஒருவர் தரிப்பிடம், ஒருவர் நிழல், ஒருவர் வடிகால் எனப் பங்கிட்டுப் பேசும் தெருவினர் கூடுதலாகக் கேட்கப்படுகின்றனர். இறுதியில் விண்ணப்பதாரரும் அவரது கட்டடக்கலைஞரும் பதிலளிக்கின்றனர். கூட்டம் பதிவு செய்யப்படுகிறது. முடிவும் அதற்கான காரணங்களும் வாக்களித்த விதமும் பின்னர் வெளியிடப்படுகின்றன. அனுமதித்தல், நிபந்தனைகளுடன் அனுமதித்தல், மறுத்தல் ஆகியவற்றோடு, வரைபடங்களைத் திருத்தி வருமாறு ஒத்திவைத்தலும் உண்டு.

முடிவுக்கான அளவுகோல்கள்

குழு தன் விருப்பப்படி முடிவெடுக்க முடியாது. 1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4.15 ஆம் பிரிவு கருத வேண்டியவற்றைக் கூறுகிறது: நடைமுறையிலுள்ள திட்டங்களும் விதிகளும், சூழல் மீதும் சமூக, பொருளாதார நிலை மீதும் ஏற்படக்கூடிய விளைவுகள், அவ்விடத்தின் பொருத்தம், கிடைத்த கருத்துகள், பொதுநலன். தன் வீட்டின் விலை குறையும் என்ற வாதம் மேடையில் பலமுறை ஒலித்தாலும் அது தனித்த காரணமாக ஏற்கப்படுவது அரிது. குடிவரப்போவோர் யார் என்பது பற்றிய அச்சமும் அத்தகையதே.

நியமத்தை மீற விரும்பும் விண்ணப்பதாரர் எழுத்தில் இரண்டைக் காட்ட வேண்டும்: அந்த இடத்தின் சூழ்நிலையில் நியமத்தைக் கடைப்பிடிப்பது நியாயமற்றது அல்லது தேவையற்றது என்பது ஒன்று, மீறலுக்குப் போதிய திட்டமிடல் காரணங்கள் உண்டு என்பது மற்றொன்று. முதலாவதை எவ்வழிகளில் நிறுவலாம் என்பதற்கு 2007 ஆம் ஆண்டின் வேபி எதிர் பிட்வோட்டர் நகரசபை வழக்கு இன்றும் எடுத்தாளப்படுகிறது. நியமத்தின் நோக்கம் மீறலின் பின்னரும் நிறைவேறுகிறது என்று காட்டுவதே பெரும்பாலோர் கையாளும் வழி.

அயலவர் பிணக்குகளில் மிகுதியாக எழுவது காட்சி மறைப்பு. கடலை, துறைமுகத்தை நோக்கிய வீடுகள் நிறைந்த சிட்னியில் இது சிறு விடயமன்று. 2004 இல் டெனாசிற்றி எதிர் வாரிங்கா நகரசபை வழக்கில் காணி மற்றும் சூழல் நீதிமன்றம் நான்கு படிகளை வகுத்தது. முதலில் மறைக்கப்படும் காட்சி எத்தகையது எனக் காண வேண்டும். நீர்க்காட்சி நிலக்காட்சியிலும் உயர்வாகவும், சிட்னி இசை நாடக அரங்கு, துறைமுகப் பாலம் போன்ற புகழ்பெற்றவற்றின் காட்சி இன்னும் உயர்வாகவும், முழுமையான காட்சி பகுதிக் காட்சியிலும் உயர்வாகவும் மதிக்கப்படும். அடுத்து, காட்சி வீட்டின் எப்பகுதியிலிருந்து கிடைக்கிறது என்பது. பக்க எல்லையைக் கடந்து தெரியும் காட்சியைக் காப்பது கடினம்; அமர்ந்திருந்து காணும் காட்சியைக் காப்பது நின்று காண்பதைக் காப்பதிலும் கடினம். மூன்றாவது, இழப்பின் அளவு. வரவேற்பறையிலிருந்து காணும் காட்சியின் இழப்பு படுக்கையறையிலிருந்து காண்பதன் இழப்பிலும் பெரிதாகக் கொள்ளப்படும். மக்கள் அதிக நேரம் செலவிடுவதால் சமையலறைக் காட்சிக்கும் மதிப்புண்டு. நான்காவது, இழப்பை உண்டாக்கும் கட்டடம் நியாயமானதா என்பது. விதிகளுக்கு முற்றிலும் அமைந்த கட்டடத்தால் நேரும் கணிசமான இழப்பும் ஏற்கப்படலாம். விதியை மீறிய கட்டடத்தால் நேரும் மிதமான இழப்பே மறுப்புக்குக் காரணமாகலாம். இத்தீர்ப்பின் படிகள் குழுக்களின் முடிவுகளில் இன்றும் ஏறத்தாழ அதே ஒழுங்கில் காணப்படுகின்றன.

மேன்முறையீடு

அனுமதி மறுக்கப்பட்ட அல்லது நிபந்தனைகளை ஏற்காத விண்ணப்பதாரர் மீளாய்வு கோரலாம். அதனை வேறு உறுப்பினர்களைக் கொண்ட குழு நடத்துகிறது. அல்லது ஆறு மாதங்களுக்குள் காணி மற்றும் சூழல் நீதிமன்றத்தை நாடலாம். குறித்த காலத்துக்குள் முடிவு கிடைக்காவிட்டால் அதனையே மறுப்பாகக் கருதி நீதிமன்றம் செல்லவும் உரிமை உண்டு. நீதிமன்றம் அவ்விண்ணப்பத்தைப் புதிதாகவே ஆராய்கிறது. அங்கு எதிர்த்தரப்பு நகரசபை. ஆனால் வழக்கை நடத்துவதில் அது குழுவின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. பல வழக்குகள் இணக்கக் கூட்டத்திலேயே, திருத்திய வரைபடங்களுடன், முடிவடைகின்றன.

ஆட்சேபித்த அயலவரின் நிலை வேறு. கல்லுடைக்கும் சுரங்கம், கழிவு நிரப்பிடம் போன்ற 'குறித்துரைக்கப்பட்ட அபிவிருத்தி' வகைகளில் மட்டுமே அவர் முடிவின் தகுதியை எதிர்த்து மேன்முறையிடலாம். அதற்கும் 28 நாட்களே அவகாசம். பக்கத்துக் காணியில் எழும் ஆறு மாடிக் கட்டடத்துக்கு இவ்வுரிமை இல்லை. சட்டம் மீறப்பட்டது என்று காட்டி மூன்று மாதங்களுக்குள் நீதித்துறை மீளாய்வு கோர எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அங்கு முடிவு நல்லதா என்பது ஆராயப்படாது, முறையாக எடுக்கப்பட்டதா என்பது மட்டுமே ஆராயப்படும். தோற்றால் மறுதரப்பின் செலவையும் தாங்க நேரலாம். ஆகவே பெரும்பாலான அயலவருக்குக் குழுவின் முன் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களே கடைசி வாய்ப்பு.

அயலவர் போன்ற மூன்றாம் தரப்பினரின் மேன்முறையீட்டு உரிமையை விரிவாக்குமாறு ஊழலுக்கெதிரான சுயாதீன ஆணைக்குழு 2012 இல் பரிந்துரைத்தது. தவறான அனுமதி நீதிமன்றத்தில் எதிர்க்கப்படலாம் என்ற அச்சமே ஊழலுக்குத் தடையாகும் என்பது அதன் வாதம். சபை உறுப்பினர்களின் வாக்கை நீக்கிய 2017 ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுரிமையை விரிவாக்கவில்லை.

விமர்சனங்கள்

நகரசபைகளின் கூட்டமைப்பு கட்டாயக் குழுக்களைத் தொடக்கத்திலேயே எதிர்த்தது. மக்களால் தெரிவு செய்யப்படாதவர்கள், அமைச்சரால் ஏற்கப்பட்டவர்கள், ஒரு பகுதியின் தோற்றத்தை மாற்றும் முடிவுகளை எடுக்கின்றனர். அவர்களைத் தேர்தலில் அகற்ற இயலாது என்பது முதன்மையான குறை. ஊர் அறிந்த நான்காவது உறுப்பினர் ஏனைய மூவரால் எளிதில் தோற்கடிக்கப்படலாம் என்பதும் கூறப்படுகிறது.

இதற்குக் கூறப்படும் மறுமொழி, சபை உறுப்பினர்கள் விதிகளை வகுப்பதிலிருந்து நீக்கப்படவில்லை என்பதாகும். எத்தெருவில் எத்தனை மீட்டர் உயரம், எங்கு கடை, எங்கு குடியிருப்பு என்று கூறும் உள்ளூர்ச் சூழல் திட்டத்தை முன்வைப்பதில் அவர்களுக்கு இன்னும் பங்குண்டு. அத்தகைய முன்மொழிவுகளுக்குக் குழு ஆலோசனை மட்டுமே கூறுகிறது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆறு மாடி அனுமதிக்கப்பட்ட காணியில் ஆறு மாடி வேண்டாமென்று குழுவிடம் முறையிடுவோர் பல ஆண்டுகள் பிந்தி வந்தவர்கள். எனினும் திட்டம் வரைவாகக் காட்சிப்படுத்தப்படும்போது வாசிப்போர் சிலரே. பக்கத்துக் காணியில் அறிவித்தல் பலகை நடப்பட்ட பின்னரே பெரும்பாலோர் விழித்துக்கொள்கின்றனர்.

அண்மைக்காலத்தில் அம்மறுமொழியின் வலு குறைந்துள்ளது. வீட்டுத் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி மாநில அரசு தானே விதிகளை மாற்றத் தொடங்கியது. 2024 இல் தெரிவு செய்யப்பட்ட தொடருந்து நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் எல்லைக்குள் ஏறத்தாழ ஆறு மாடிக் குடியிருப்புகளுக்கு வழிவிடப்பட்டது. 2025 பெப்ரவரியில் நகர மையங்களுக்கு அருகிலுள்ள தாழ்ந்த, நடுத்தர உயரக் குடியிருப்புகளுக்கான விதிகள் தளர்த்தப்பட்டன. 2025 இன் தொடக்கத்தில் செயற்படத் தொடங்கிய வீடமைப்பு வழங்கல் அதிகாரசபை, பெரிய வீடமைப்புத் திட்டங்கள் நகரசபையையும் அதன் குழுவையும் தவிர்த்து மாநில மட்டத்தில் ஆராயப்படும் பாதையைத் திறந்தது.

பிற மாநிலங்களில்

மேற்கு அவுஸ்திரேலியாவில் 2011 சூலையில் தொடங்கிய அபிவிருத்தி மதிப்பீட்டுக் குழுக்களில் மூன்று வல்லுநர்களுடன் இரண்டு சபை உறுப்பினர்களும் அமர்ந்தனர். தெற்கு அவுஸ்திரேலியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் ஐவருக்கு மேற்படாத குழுவில் சபை உறுப்பினர் ஒருவரை மட்டும் அனுமதிக்கிறது. விக்டோரியாவில் விண்ணப்பங்கள் மீது சபை உறுப்பினர்கள் வாக்களிக்கும் முறை தொடர்ந்தது. ஆனால் அங்கு பல வகை விண்ணப்பங்களில் ஆட்சேபித்த அயலவரும், 1998 இல் நிறுவப்பட்ட விக்டோரியக் குடியியல் மற்றும் நிருவாகத் தீர்ப்பாயத்தின் முன், விண்ணப்பதாரரைப் போலவே முடிவை எதிர்த்து வாதிடலாம். குவின்ஸ்லாந்திலும் பாதிப்பு மதிப்பீட்டுக்கு உட்படும் விண்ணப்பங்களுக்கு, முறைப்படி கருத்துச் சமர்ப்பித்தவர் திட்டமிடல் மற்றும் சூழல் நீதிமன்றத்தில் மேன்முறையிட இயலும்.